ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு என்ன ஆயில் ஊற்றுவது?

2004-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், இருபது வயதைத் தாண்டிவிட்டது. 1781 சிசி, சிலிண்டருக்கு ஐந்து வால்வு, ஒரு சின்ன டர்போ, 150 குதிரைசக்தி. 1750 ஆர்பிஎம்மிலேயே 210 நியூட்டன் மீட்டர் இழுவை. கைமாறி வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஆயில் ஊத்தலாம்?"

பதில் ஒரு வரிதான். ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் விடபிள்யூ 502 00 ஒப்புதல் எண் உள்ள முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றம், எவ்வளவு இழுத்தாலும் ஏழாயிரத்து ஐந்நூறுக்குள். ஓடாமல் நின்றாலும் வருடத்துக்கு ஒரு தடவை. இது தெரிந்தவர்கள் காரிலும் இன்ஜின் போயிருக்கிறது என்பதால்தான் மீதியை எழுத வேண்டியிருக்கிறது.

இந்த இன்ஜின் ஆயிலை ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறது? டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது பேரிங்குக்குள் இருக்கும் ஆயில் படலம் மட்டும்தான். அந்த ஆயிலைக் கொண்டுவரும் மெல்லிய குழாய், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே வருகிறது. வண்டியை விரட்டி வந்து சட்டென்று ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. குழாயிலும் பேரிங்கிலும் தங்கிய துளிகள் அடிப்பிடித்துக் கரியாகும். இது நூறு தடவை நடந்தால் குழாயின் உள்வாய் சுருங்கி, டர்போ பட்டினி கிடக்கும். டர்போவுக்குக் கூலன்ட்டும் ஓடுகிறது, அதனால் பாதி காப்பாற்றப்படுகிறது. மீதிப் பாதி நம் கையில். வீட்டுக்கு முன்னால் கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடும் டர்போ டைமர் என்று ஒரு பெட்டி வாங்கி மாட்டுவது வீண்செலவு.

கரி ஒரு பக்கம் இருக்க, ஆயில் சேறாகிப் போகும் ஸ்லட்ஜ் இன்னொரு பக்கம். இதே 1.8 டர்போ குடும்பத்து இன்ஜினை அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பஸாட் காரில் நீளவாட்டில் வைத்திருந்தார்கள். ஆயில் கொள்ளளவு குறைவு, ஃபில்டரும் சின்னது, ஊற்றியதோ சாதாரண ஆயில். ஆயில் கெட்டியாகி, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சேம்பருக்குள் தேங்கி இன்ஜின்கள் போனதும், 1998 முதல் 2004 வரையிலான மாடல்களுக்கு ஸ்லட்ஜ் பாதிப்புக்கென்று எட்டு வருட வாரன்டியை ஃபோக்ஸ்வாகன் கொடுக்க வேண்டி வந்தது. ஆக்டேவியாவில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது, ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் நாலரை லிட்டர் கொள்ளும். ஆகவே நிலைமை அவ்வளவு மோசமில்லை. நோய் மட்டும் அதேதான்.

இனி கேனைக் கையில் எடுப்போம். முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் விஷயம்.

5டபிள்யூ என்பது கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. அந்தச் சோதனையே மைனஸ் 30 டிகிரியில் நடப்பது. மார்கழி விடியலில் கூட 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகப் போகும் சென்னையில், 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ மூன்றுக்கும் ஸ்டார்ட் ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. நம் ஊருக்கு முக்கியம் பின்னால் வரும் 40. நூறு டிகிரி சூட்டில் ஆயிலின் பிசுபிசுப்பு 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 30 என்றால் 9.3-லிருந்து 12.5. 50 என்றால் 16.3-க்கு மேல்.

இதைவிட முக்கியமான ஓர் எண் கேனில் நேரடியாக இருக்காது. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில், படலம் எவ்வளவு தாங்குகிறது என்பதை எச்டிஎச்எஸ் என்ற அளவால் சொல்வார்கள். இந்த இன்ஜினுக்கு அது குறைந்தது 3.5 வேண்டும். கேனின் பின்புறம் ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரக்குறியான ஏசிஇஏ ஏ3/பி4 என்று இருந்தால் 3.5-க்குக் குறையாது. ஏ5/பி5 என்று இருந்தால் 2.9 வரை இறங்கலாம்; மைலேஜ் பார்க்கும் கார்களுக்கான ஆயில் அது. ஆகவே "5டபிள்யூ-30 ஊத்தலாமா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. ஏ3/பி4 வகை 5டபிள்யூ-30, 502 00 எண்ணோடு வந்தால் விதிப்படி சரி. ஏ5/பி5 வகை 5டபிள்யூ-30 இந்த டர்போவுக்கு வேண்டாம். முன்பக்கம் பார்த்தால் இரண்டு கேனும் ஒன்று போலத்தான் இருக்கும்.

பெட்ரோல் இன்ஜினுக்கான ஃபோக்ஸ்வாகன் எண்களில் கடையில் முக்கியமாகப் பார்ப்பது மூன்று. 502 00 நம் கார் வயதுப் பெட்ரோல் இன்ஜின்களுக்கானது. 504 00 அதற்குப் பின் வந்தது, சாம்பல் குறைவான ஆயில். புகைவழியில் வடிகட்டி வைத்த புது வண்டிகளை மனதில் வைத்துச் செய்தது. கம்பெனி கணக்குப்படி 502 00 கேட்கும் இடத்தில் 504 00 ஊற்றலாம். ஆனால் ஆர்எஸ்ஸில் காப்பாற்ற வேண்டிய வடிகட்டி எதுவும் இல்லை. அமிலத்தை அடக்கும் காரச் சத்து ஏ3/பி4 ஆயிலில் 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி, 504 00 சேரும் ஏசிஇஏ சி3 வகைக்கு 6 இருந்தாலே போதும். எரியாத பெட்ரோலும் ஈரமும் சேம்பருக்குள் இறங்கும் பழைய இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் இருப்பு உதவும். என்னைக் கேட்டால் 502 00-தான். மூன்றாவது 508 00. பச்சை நிறத்தில் வரும் 0டபிள்யூ-20. அதை இந்த இன்ஜின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

எண்ணைப் பார்ப்பதோடு அதற்கு முன்னால் என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். "அப்ரூவ்டு" அல்லது "அப்ரூவல்" என்று இருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்ட ஆயில். "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்", "ரெகமண்டட் ஃபார்" என்று இருந்தால் ஆயில் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ். அது மோசமான ஆயில் என்று சொல்ல வரவில்லை; இரண்டும் ஒரே விலை என்றால் முதல் வகையை எடுங்கள். கூடவே பென்ஸ் 229.5, போர்ஷே ஏ40 ஒப்புதல்களும் அச்சாகியிருந்தால் நல்ல அடையாளம். இவை மூன்றும் சேர்ந்து நிற்கும் 5டபிள்யூ-40, 0டபிள்யூ-40 ஆயில்கள் ஷெல், மோட்டுல், மொபில் எல்லாரிடமும் உண்டு. இதைக் கடந்து எந்த பிராண்ட் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

ஜிங்க் பற்றிய பயம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. புது ஆயில்களில் தேய்மானம் தடுக்கும் ஜிங்க், பாஸ்பரஸ் சத்தைக் குறைத்துவிட்டார்கள், பழைய இன்ஜினின் கேம் தேய்ந்துவிடும் என்பார்கள். பாதி உண்மை. இந்த இன்ஜினில் வால்வைத் திறக்கும் கேமின் மேடு (லோப்), வாளி வடிவ ஹைட்ராலிக் டேப்பட்டின் மேல் உரசித்தான் ஓடுகிறது, உருளைகள் கிடையாது. ஆனால் 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற அமெரிக்க ஆயில் தரத்தின் காலத்திலிருந்து இருக்கும் 0.08 சதவீத பாஸ்பரஸ் உச்சவரம்பு 20, 30 எண் கொண்ட மெல்லிய ஆயில்களுக்குத்தான். 40-ஐ அது கட்டுப்படுத்தாது. ஏ3/பி4 வகை 5டபிள்யூ-40 ஊற்றுகிறவர் தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கிச் சேர்க்கத் தேவையில்லை.

அடுத்தது கெட்டி ஆயில். இந்தக் காரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

சிக்னலில் நிற்கும்போது மீட்டரில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கும். மூன்று தடவை பீப் அடிக்கும். மெக்கானிக்கிடம் போனால், "பழைய இன்ஜின் சார், பேரிங் லூஸ் ஆயிருக்கும், 20டபிள்யூ-50 ஊத்துனா சரியாயிடும்." ஊற்றுவார். விளக்கும் அணைந்துவிடும். எல்லாருக்கும் திருப்தி. உள்ளே நடப்பது வேறு. தோட்டத்து ஹோஸ் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீச்சும், வாளி நிறைய மட்டும் நேரமாகும். பிரஷர் வேறு, ஓட்டம் வேறு. கெட்டி ஆயில் பிரஷரை உயர்த்திக் காட்டும். பேரிங்குக்கும் டர்போவுக்கும் வேண்டியது ஓட்டம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டேப்பட் சத்தமும், இரண்டு கேம்களை இணைக்கும் செயினின் டென்ஷனர் பக்கம் கடகடப்பும் அதிக நேரம் கேட்டால் ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது என்று பொருள்.

விளக்கு எரிந்தால் முதல் வேலை வண்டியை ஓரங்கட்டி அணைப்பது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்பதில்தான் கிராங்க் பேரிங் போகிறது. டோ செய்து கொண்டுவந்த பிறகு, ஃபில்டர் பிராக்கெட்டில் இருக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அதே இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். பல நேரம் சுவிட்ச்தான் கெட்டிருக்கும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை. நன்றாகச் சூடான இன்ஜினில் ஐடிலிலும் 2000 ஆர்பிஎம்மிலும் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவு காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் சேம்பரை இறக்கியே ஆக வேண்டும்.

சேம்பருக்குள் ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். இந்த இன்ஜினின் உயிர்நிலை அது. சல்லடைக் கண்ணில் அடைத்திருப்பதைத் தொட்டுப் பார்த்தால் மூன்று விதமாக இருக்கும். கறுப்பு மணல் போல நறநறப்பது கரி. அல்வா போல இழுபடுவது ஸ்லட்ஜ். மூன்றாவது, முதல் தடவை பார்ப்பவர்களைக் குழப்பும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு. அது வேறெங்கிருந்தும் வரவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் செருகும் குழாயின் மேல்வாய் அந்த ஆரஞ்சுப் பிளாஸ்டிக்தான். வருடக்கணக்கில் சூடு பட்டு முறுக்கு போல நொறுங்கும். அளவு பார்க்க ஸ்டிக்கை இழுக்கும்போது உடைந்து, திரும்பச் செருகும்போது துண்டு உள்ளே போய்விடும். உங்கள் காரில் அது வெளிறி விரிசல் விட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மிக மலிவான பாகம். எடுக்கும்போது ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து, தூள் உள்ளே விழாமல் எடுக்க வேண்டும்.

சேம்பரை இறக்கும்போது பிளைவீல் பக்கம் இரண்டு போல்ட் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். அதை மறந்துவிட்டு நெம்பினால் அலுமினியச் சேம்பர் விரிசல் விடும். திருப்பி மாட்டும்போது கேஸ்கட் கிடையாது, சிலிகான் பேஸ்ட்தான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் வைக்காதீர்கள். அதிகப்படியானது உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து, நாம் இப்போதுதான் சுத்தம் செய்த அதே சல்லடையில் போய் உட்காரும். சின்ன எம்6 போல்ட்டுகளுக்கு 15 நியூட்டன் மீட்டர். அரை மணி நேரம் பேஸ்ட் இறுகவிட்டு அப்புறம் ஆயில் ஊற்றலாம். உறிஞ்சு குழாயைக் கழுவுவதைவிடப் புதிதாகப் போடுவது நல்லது. சல்லடையின் உள்பக்கம் எவ்வளவு சுத்தமானது என்று வெளியிலிருந்து தெரியாது.

சேம்பர் இறங்கியிருக்கும்போதே மேலே இருக்கும் பிரீதர் ஹோஸ்களையும் அமுக்கிப் பார்த்துவிடுங்கள். இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே இழுக்கும் வழி அது. அடைத்தாலோ வெடித்தாலோ புகையும் ஈரமும் உள்ளேயே தங்கி, எவ்வளவு விலையுயர்ந்த ஆயிலையும் ஸ்லட்ஜாக்கும். வால்வ் கவர் கேஸ்கட்டும் டென்ஷனர் அடியிலுள்ள சீலும் திரும்பத் திரும்பக் கசிந்தால், கேஸ்கட்டைக் குறை சொல்வதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும்.

பழைய ஓனர் என்ன ஊற்றினார் என்றே தெரியாத காரை வாங்கியிருந்தால், ஃபிளஷ் என்று விற்கும் டப்பாவை வாங்காதீர்கள். சுவரில் ஒட்டிக்கிடக்கும் அழுக்கை மொத்தமாகப் பெயர்த்துச் சல்லடைக்கு அனுப்பும் வேலையை அது அரை மணி நேரத்தில் செய்துவிடும். அதற்குப் பதில் நல்ல 502 00 ஆயிலையே ஊற்றி, 2500 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றுங்கள். இன்னொரு தடவையும் அதே மாதிரி. ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுவரும். சீக்கிரம் கறுத்தால் பயப்பட வேண்டாம், வேலை செய்கிறது. "சிந்தெடிக் ஊத்துனா லீக் ஆகும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது: வற்றிப்போன சீலின் ஓட்டையை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தது, அழுக்கு கரைந்ததும் ஓட்டை தெரிகிறது.

மாற்றும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, கீழ்த்தட்டைக் கழற்றி, வடிய விடுங்கள். ட்ரெயின் போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், 30 நியூட்டன் மீட்டர். அலுமினியச் சேம்பரில் மரை போனால் செலவு வேறு கணக்கு. ஃபில்டர் ரப்பரில் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்கவும். முதலில் நாலு லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, விளக்கு அணையும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். அணைத்துச் சில நிமிஷம் கழித்துச் சமதரையில் அளவு பார்த்து மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். அளவுக்கு மேல் ஊற்றினால் பிரீதர் வழியாக டர்போவுக்குள் இழுபடும்.

குறைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிக்கலாம் என்று கையேடே அனுமதிக்கிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் அவ்வளவு குடிக்காது. ஆனாலும் இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சிக்னலில் நின்று கிளம்பும்போது நீலப் புகை வந்தால் வால்வ் சீலோ டர்போவோ. கெட்டி ஆயில் இதற்கும் மருந்தாகாது.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை செட்டிப்பாளையத்திலோ ஓட்டுகிறவர்களுக்கும், இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிச் சக்தி கூட்டும் ஈசியு ரீமேப் செய்தவர்களுக்கும் கணக்கு கொஞ்சம் மாறும். ஆயில் டெம்பரேச்சர் கேஜ் இல்லாமல் டிராக்குக்குப் போகாதீர்கள். 90 முதல் 110 டிகிரி சௌகரியமான இடம். 130-ஐத் தொட்டால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட வேண்டும். அளவு மேக்ஸ் கோட்டில் நிற்கட்டும், இல்லையென்றால் நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கிச் சல்லடை காற்றை உறிஞ்சும். இதற்கென்று ஒரு படி ஏறி 5டபிள்யூ-50 போடுவதில் தப்பில்லை. மோட்டுல் 300வி மாதிரி ரேஸ் ஆயில்கள் டிராக்கில் அருமை, ஆனால் அவை கார் கம்பெனி ஒப்புதல் வாங்கி நீண்ட நாள் ஓடுவதற்காகச் செய்தவை அல்ல. ஊற்றினால் சீக்கிரம் மாற்ற வேண்டும். 10டபிள்யூ-60 பற்றிக் கேட்பவர்கள் பிஎம்டபிள்யூவின் ஈ46 எம்3-ஐப் பார்த்துக் கேட்கிறார்கள். அந்த இன்ஜினின் தேவை வேறு. ரோட்டில் ஓடும் ஆர்எஸ்ஸுக்கு அந்த எண் பொருந்தாது.

நேர்மாறாக, வாரத்தில் ஐந்து நாள் நாலு கிலோமீட்டர் ஆபீஸ் போய்வரும் கார். ஆயில் முழுச் சூடே ஏறாது. ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த கார் இல்லை இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர் நுரை போலப் படிந்திருந்தால் அதுதான் அடையாளம். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நாற்பது நிமிஷம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஓட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் படிந்தால், கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள். கூலன்ட்டையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

போலி ஆயில் நம் ஊரில் நிஜமான தொல்லை. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கி, சீல் உடையாத கேனை நீங்களே ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போங்கள். டிரம்மில் இருந்து அடிக்கும் ஆயில் என்ன ஒப்புதல் எண் கொண்டது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. காலிக் கேனை ஓட்டை போட்டுத்தான் எறிய வேண்டும், அப்படியே விட்டால் திரும்ப நிரம்பி வரும். வடித்த ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கழற்றிய ஃபில்டரை எறிந்துவிடாதீர்கள். ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து, அதற்கென்று இருக்கும் கட்டரால் தகர மூடியை வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே இரும்புத்தூளாகத் தெரிந்து ஏமாற்றும். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைக் கத்தியால் நறுக்கி, நீளமாக விரித்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து கறுப்புத் துகள் என்றால் கரி; அடுத்த மாற்றத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்தால் போதும். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய சேறு கொஞ்சம் எல்லா இன்ஜினிலும் வரும். காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுக்கும் செதில் வந்தால் அது பேரிங். அப்படி வந்தால் எந்த ஆயில் என்ற பேச்சை விட்டுவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சேம்பரை இறக்கச் சொல்லுங்கள்.